கோழி கொர கொரவென்று மூச்சு விட்டால் என்ன நோய், என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீட்டுக் கொல்லையில் 14 நாட்டுக்கோழிகள். சந்தையில் வாங்கிய 2 பெட்டைகளை அன்றைக்கே மற்றவற்றோடு சேர்த்து விட்டிருக்கிறீர்கள். 10 நாள் கழித்து, ராத்திரி கூட்டை அடைத்த பிறகு உள்ளேயிருந்து கொர கொர சத்தம். இப்போது 5 கோழிகளுக்குத் தும்மல், கண்ணோரம் நுரை. ஒன்றுக்கு மட்டும் ஒரு பக்க முகம் வீங்கியிருக்கிறது. எதுவும் சாகவில்லை, தீனி எடுக்கின்றன, முட்டை குறைந்துவிட்டது. மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் கேப்சூலை வாங்கித் தண்ணீரில் கரைத்து 2 நாள் வைத்தும் பலனில்லை. என்ன நோய், என்ன மருந்து, முட்டையைச் சாப்பிடலாமா, அந்த முட்டையை அடைக்கு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது சி.ஆர்.டி. எனப்படும் நாள்பட்ட சுவாச நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஒரு கோழியின் முக வீக்கத்தைப் பார்த்தால் கொரைசா என்ற இன்னொரு சளி நோயும் சேர்ந்திருக்கலாம். வெள்ளைக்கழிச்சலாகத் தெரியவில்லை. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். கோழி வளர்ப்பவர்களில் பாதிப் பேர் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே மருந்துக்குக் காசைக் கொட்டுகிறார்கள்.

கோழிக்கு வரும் சளி நோய்கள் எல்லாவற்றிலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். தும்மலையும் கொரகொரப்பையும் மட்டும் கேட்டு நோயைச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது வேகம். முதல் கோழிக்கு வந்து எத்தனை நாளில் எத்தனை கோழிக்குப் பரவியது, எத்தனை செத்தது, சத்தத்தோடு கூட வேறு என்ன தெரிகிறது. ஒரு நோட்டில் தேதி போட்டு இதை எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த ஒரு பக்கம் போதும், அவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

இரண்டு மூன்று நாளில் கூட்டம் முழுக்கச் சுருண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, வரிசையாகச் செத்தால் அது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். தப்பிப் பிழைக்கிற கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் அல்லது இறக்கை இழுத்துக்கொள்ளும். நீங்கள் சொல்வது இந்த வேகம் இல்லை.

ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகளுக்கு முகம் வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து கெட்டியான சளி வழிந்து, பக்கத்தில் போனாலே நாற்றம் அடித்தால் கொரைசா. இது பாக்டீரியா நோய். நோய்க்கோழி பக்கத்தில் வந்த ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்ளேயே அடுத்த கோழி காட்டிவிடும். வேகமாகப் பரவும், ஆனால் தனியாக வந்தால் அதிகம் சாகடிக்காது. அந்த நாற்றத்தை ஒரு தடவை உணர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உங்கள் வீங்கிய கோழியைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள்.

மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, வாரக் கணக்கில் இழுத்து, கண்ணில் சோப்பு நுரை போலக் குமிழி வந்து, ராத்திரியில் மட்டும் கொரகொரப்பு தெளிவாகக் கேட்டு, தீனி எடுத்துக்கொண்டே எடை குறைந்தால் சி.ஆர்.டி. மழை, குளிர், இடமாற்றம், சண்டை என்று ஏதாவது ஒரு அழுத்தம் வந்ததும் தலைதூக்கும். அப்புறம் தானாக அடங்கியது போல் தெரியும். அடுத்த மழைக்கு மறுபடியும் வரும்.

சில விஷயங்கள் சளி போலவே தெரியும், ஆனால் சளி இல்லை. சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நிழலும் தண்ணீரும் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டால் கவலை வேண்டாம். குஞ்சுகள் கழுத்தை நீட்டி நீட்டி வாய் பிளந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் மூச்சுக்குழாய்ப் புழுவாக இருக்கலாம். ஆணும் பெண்ணும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, ஆங்கில ஒய் எழுத்து மாதிரி சிவப்பாக இருக்கும் புழு அது. மண்புழுவையும் நத்தையையும் கொத்தித் தின்னும் மேய்ச்சல் கோழிகளுக்கு வரும். ஃபென்பெண்டசோல் மாதிரியான குடற்புழு மருந்தில் சரியாகிவிடும். பிறந்து ஒன்றிரண்டு வாரமான குஞ்சுகள் சத்தமே இல்லாமல் மூச்சுத் திணறிச் செத்தால், அடியில் போட்ட உமியோ கடலைத் தோலோ பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை நுரையீரலுக்குள் போய்விட்டால் கொடுக்க மருந்து இல்லை, படுக்கையை மாற்றி மிச்சமிருப்பவற்றைக் காப்பாற்றுவதுதான் வழி.

எதற்கும் வாயைத் திறந்து பாருங்கள். வெளிச்சத்தில் ஒருவர் பிடிக்க, ஒருவர் அலகைத் திறந்தால் போதும். தொண்டையில் மஞ்சள் நிறத்தில் தயிர்க்கட்டி போல ஒட்டியிருந்தால் அது உள் அம்மை. அதைப் பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் கொட்டும். அம்மையைக் கொசுவும் பரப்பும் என்பதால் கூட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. மஞ்சள் கட்டியாக இல்லாமல் சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளமாக இருந்து கண்ணும் ஒட்டிக்கொண்டால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். அரிசியும் குருணையும் மட்டுமே தின்று வளரும் அடைப்புக் கோழிகளில் பார்க்கலாம். அவற்றுக்கு முருங்கைக்கீரையை நறுக்கிப் போட ஆரம்பியுங்கள்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது?

நோய் தெரிகிற 5 கோழிகளையும் இப்போதே தனியாகப் பிரியுங்கள். நோய்க்கோழிகள் மேல் பட்ட காற்று பழைய கூட்டுக்கு வராதபடி, கூட்டைத் தாண்டிக் காற்று போகும் பக்கமாக வையுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு, நோய்க்கோழிகளுக்குக் கடைசியாகப் போங்கள். திரும்பி வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, செருப்பை மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டு இரண்டு பக்கமும் தனித்தனி. சளி நோய்கள் தண்ணீர்த் தட்டு வழியாகவும் சுலபமாகப் பரவுகின்றன. மூக்கை முக்கிக் குடிக்கும் பறவை அது.

வீங்கிய கோழியின் கண்ணை, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தட்டையான டீஸ்பூன் உப்பு கரைத்து, பஞ்சில் நனைத்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை துடையுங்கள். கண் திறந்தால்தான் தீனியைப் பார்த்துத் தின்னும். சாகிற கோழிகளில் பல, நோயால் சாவதற்கு முன் கண் தெரியாமல் பட்டினியால் சாகின்றன. தீவனத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து மூக்குக்கு நேராக வையுங்கள். குளிர் காற்று படாமல் கதகதப்பாக இருக்கட்டும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோழியின் வாயைப் பிளந்து கஷாயம், இஞ்சிச் சாறு, விளக்கெண்ணெய் என்று ஊற்றாதீர்கள். அதன் மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிவேரிலேயே திறந்திருக்கிறது. நாக்குக்குப் பின்னால் நீங்கள் பார்க்கும் அந்தச் சின்னக் கீறல்தான் அது. ஏற்கெனவே மூச்சு வாங்கும் கோழிக்கு ஊற்றினால் பாதி அதற்குள்தான் போகும், ஐந்து நிமிஷத்தில் கண்முன்னே செத்துவிடும். சொட்டு மருந்து கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தானாக விழுங்குவதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய்வரும். இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும்.

அப்புறம் மருந்து. நீங்கள் வைத்த டெட்ராசைக்ளின் ஏன் கேட்கவில்லை என்று கேட்டீர்கள். அந்த வகை மருந்துக்குச் சி.ஆர்.டி. கிருமி ஓரளவு அடங்கக்கூடியதுதான். ஆனால் ஒரு கேப்சூலை எத்தனை லிட்டரில் கரைப்பது என்று அளவு தெரியாமல் போட்டால் பாதி மருந்துதான் கோழிக்குள் போயிருக்கும். முட்டைக்கோழிகளுக்கு வைக்கும் கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் இவற்றின் கால்சியம் அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. இரண்டே நாளில் நிறுத்தியது இன்னொரு காரணம். அரைகுறையாகக் கொடுத்த மருந்து, தாங்கிப் பிழைத்த கிருமிகளைத்தான் மிச்சம் வைக்கும்.

சிலர் அமாக்சிசிலின் கேப்சூலைக் கரைத்து வைக்கிறார்கள். சி.ஆர்.டி.க்கு அது சுத்தமாக வேலை செய்யாது. அந்த நோயைக் கொண்டுவரும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே இல்லை. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அடிப்பது அந்தச் சுவரைத்தான். சுவரே இல்லாத கிருமியை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த நோய்க்குக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது டைலோசின், டாக்சிசைக்ளின், தியாமுலின், என்ரோஃப்ளாக்சசின் போன்றவை. டைலோசின் டார்ட்ரேட் பொதுவாக ஒரு லிட்டர் குடிதண்ணீருக்கு அரை கிராம் என்ற கணக்கில் 3 முதல் 5 நாள் வரை. அந்த நாட்களில் வேறு தண்ணீர் எதுவும் கிடைக்காதபடி பார்க்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பாக்கெட்டில் மருந்தின் பலம் எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே அளவை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தியாமுலின் எழுதிக் கொடுத்தால் ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் பிராய்லர் தீவனத்திலும் குஞ்சுத் தீவனத்திலும் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகள் கலந்திருப்பது உண்டு. அவற்றோடு தியாமுலின் சேர்ந்தால் கோழிகள் கால் விளங்காமல் விழுந்து செத்துப்போகும். என்ன தீவனம் போடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் சாக்கிலுள்ள லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

என்ரோஃப்ளாக்சசினை முதல் மருந்தாகக் கையில் எடுப்பதை நான் விரும்புவதில்லை. அது மனிதர்களுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினின் உறவு மருந்து. கோழியில் அதைக் கண்டபடி பயன்படுத்தினால் மனிதர்களுக்கு நோய் தரும் கிருமிகளும் அதற்குப் பழகிவிடுகின்றன என்பதால் அமெரிக்காவில் 2005-லேயே கோழிகளுக்கு அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டிலும் 2019-இல் கோலிஸ்டின் என்ற மருந்தை இதே காரணத்துக்காக உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். பழைய சரக்கை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தால் வேலை செய்ய வேண்டிய மருந்து அது, கொல்லையில் இருக்கும் 14 கோழிக்காக அதை வீணாக்கக் கூடாது.

கைமருந்து பற்றியும் கேட்பீர்கள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மஞ்சள், துளசி, கற்பூரவல்லி இவற்றை அரைத்துத் தீவனத்தில் உருண்டையாக வைப்பது நம் ஊர்ப் பழக்கம். கோழி தானாகத் தின்னும்படி கொஞ்சமாக வைத்தால் தவறில்லை, லேசான சளிக்கு இதமாக இருக்கும், தீனி எடுக்கவும் தூண்டும். ஆனால் வெள்ளைக்கழிச்சலை இது நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வைரஸுக்குத் தடுப்பூசி ஒன்றுதான். கூட்டுக்குள் சாம்பிராணி, வேப்பிலைப் புகை போடுவதையும் இந்த நேரத்தில் நிறுத்துங்கள். ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழாய்க்குப் புகை ஆகாது.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். மருந்து கொடுத்தால் 5 நாளில் சத்தம் நின்றுவிடும். நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சி.ஆர்.டி. வந்து தேறிய கோழி வாழ்நாள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். கொரைசாவும் அப்படித்தான். உங்கள் சந்தைப் பெட்டைகள் இரண்டும் பார்க்க நன்றாக இருந்திருக்கும், சந்தையில் யாரும் உங்களை ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. அவற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிருமி, கூடை, வண்டி, புது இடம், புதுச் சேவல் என்ற அலைச்சலில் விழித்துக்கொண்டது. இனிமேல் உங்கள் கொல்லை முழுதையும் நோய் சுமக்கும் கூட்டமாகவே எண்ணி நடந்துகொள்ள வேண்டும்.

அப்படி எண்ணினால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இவற்றையே நன்றாகக் கவனித்து வளர்ப்பது, வெளியே யாருக்கும் உயிர்க்கோழியாக விற்காமலும் கொடுக்காமலும் இருப்பது, புதிதாக எதையும் உள்ளே விடாமல் இருப்பது. முட்டைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வளர்ப்பவர்களுக்கு இது போதும். இன்னொன்று, வளர்ந்த கோழிகளை மெல்ல மெல்லச் சமையலுக்கு எடுத்துக் கூட்டத்தைக் காலி செய்து, கூட்டைத் துப்புரவாகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சில வாரம் சும்மா போட்டு, பிறகு தடுப்பூசி போட்ட ஒருநாள் குஞ்சுகளில் தொடங்குவது. இந்த இரண்டு கிருமியும் கோழி உடம்புக்கு வெளியே சில நாட்களுக்கு மேல் தாங்காதவை. ஆகவே இந்த வழி நிச்சயம் பலன் தரும். குஞ்சு விற்றுக் காசு பார்க்க நினைத்தால் இரண்டாவதையே செய்யுங்கள். பாதி பாதியாகச் செய்வதுதான் மோசம். நோய் சுமக்கும் நாலு கிழக்கோழிகளைப் பாசத்தில் வைத்துக்கொண்டு புதுக் குஞ்சுகளை விட்டால், ஒவ்வொரு மழைக்கும் மருந்துக் கடைதான்.

கூட்டைப் பற்றி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எல்லோரும் செய்வது, சாரல் அடிக்கிறதென்று சாக்கும் தார்ப்பாயும் போட்டுக் கூட்டை நாலு பக்கமும் மூடுவது. உள்ளே எச்சம் ஈரமாகி அமோனியா கிளம்பும். அது மூச்சுக்குழாயின் உட்பக்கம் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகிற நுண்ணிய முடிகளை அழித்துவிடும். அப்புறம் எந்தக் கிருமி வந்தாலும் தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சளி கூடுவதற்குக் குளிரைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. விடிகாலையில் கூட்டைத் திறந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழி படுக்கும் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் உங்கள் கோழிகள் ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசித்திருக்கின்றன. சாரல் படுகிற பக்கத்தை மட்டும் மூடி, கோழியின் தலைக்கு மேலே காற்று வெளியேற ஓர் இடைவெளி எப்போதும் திறந்திருக்கட்டும். நாலு பேர் சொன்னார்கள் என்று ஈரப் படுக்கையில் சுண்ணாம்பு தூவாதீர்கள், அமோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும். முதலில் ஈரத்தை வாரிக் கொட்டுங்கள். காய்ந்த தரையில் சுண்ணாம்பு தூவி, மேலே புது உமியோ மரத்தூளோ போடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் எச்சத்தின் மேல் நேரடியாகப் போட வேண்டாம், கிளம்புகிற வாயு உங்கள் மூச்சுக்கும் கெடுதல்.

உங்கள் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால், இந்தச் சளி உங்களுக்கு முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை. குமாவூன் மலையில் உள்ள ராணிக்கெட் ஊரில் 1920-களின் கடைசியில் கண்டறியப்பட்டதால் அந்த நோய்க்கு அந்தப் பெயர். இன்றைக்கும் கிராமங்களில் வீட்டுக்கோழிகளை ஒரே வாரத்தில் துடைத்துப் போடுவது அதுதான். வந்துவிட்டால் எந்த மருந்தும் கிடையாது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 3 அல்லது 4 வாரத்தில் குடிதண்ணீரில் லசோட்டா என்ற தடுப்பூசி மருந்து. 8 வாரத்தில் இறக்கைப் பக்கம் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம். கோடைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்பதற்காகவே அந்த மாதம். முகாமைத் தவறவிட்டால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு உள்ள சிக்கல், தடுப்பூசிக் குப்பியின் அளவு. 100 கோழிக்கான மருந்து ஒரே குப்பியில் வரும். கரைத்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பயன்படுத்திவிட வேண்டும், மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போட முடியாது. தெருவில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுவது காசுக்கும் நல்லது, நோய்க்கும் நல்லது. உங்கள் கோழிக்கு மட்டும் போட்டு, பக்கத்து வீட்டுக் கோழி போடாமல் மேய்ந்தால் நோய் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மருந்தை வாங்கும்போது ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் எடுத்து வாருங்கள். கடையிலிருந்து சட்டைப் பையில் வந்த தடுப்பூசி வெறும் தண்ணீருக்குச் சமம். தண்ணீரில் கொடுக்கும்போது அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரைத் தவிர்த்து, லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து வையுங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் அன்றைக்கு வேண்டாம். சொட்டு மருந்து விடும்போது உங்கள் கண்ணில் தெறிக்காமல் பாருங்கள், மனிதர்களுக்கு அதனால் கண் சிவந்து வீங்கும்.

ஆனால் இன்றைக்கே போடாதீர்கள். சளியோடு இருக்கும் கோழிக்கு உயிர்த்தடுப்பூசி போட்டால் சி.ஆர்.டி. இன்னும் முற்றும். இப்போதைய நோய் அடங்கி, குடற்புழு மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்.

டாக்டரை எப்போது உடனே கூப்பிட வேண்டும்? இரண்டு நாளுக்குள் இரண்டு மூன்று கோழிகள் செத்தால். கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்தால். கால் தோலில் ரத்தப் புள்ளி தெரிந்தால். காகமோ வாத்தோ பக்கத்தில் செத்துக் கிடந்தால். பறவைக் காய்ச்சலையும் வெள்ளைக்கழிச்சலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க டாக்டராலும் முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். 2014-இல் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளில் வந்தது, 2021 தொடக்கத்தில் அதே மாவட்டங்களில் மறுபடியும். கேரள எல்லையோர மாவட்டங்களில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னால் எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்களே என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அழிக்கப்படும் கோழிகளுக்கு அரசு இழப்பீடு உண்டு. மறைத்தால் உங்கள் வீட்டு மனிதர்களுக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் செத்த கோழியை நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவி கிடைக்கும்.

சாதாரணமாக ஒரு கோழி செத்தால் அதையும் வீணாக்காதீர்கள். செத்த சில மணி நேரத்துக்குள் இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்து, உங்கள் மாவட்டத்துக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி மாதிரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் அங்கேயோ எடுத்துப் போங்கள். ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டாம். ஒரு பிரேதப் பரிசோதனை சொல்வதைப் பத்து மருந்துச் சீட்டு சொல்லாது. மற்றவற்றை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வாய்க்காலில் வீசினால் கீழ்க்கரை ஊர்க் கோழிகளுக்குப் போகும். நோய் தெரிந்ததும் அவசரமாக வியாபாரியிடம் தள்ளிவிடுவதும் அதே காரியம்தான். நீங்கள் வாங்கிய இரண்டு பெட்டைகளும் அப்படி யாரோ தள்ளிவிட்டவையாக இருக்கலாம்.

அடுத்த முறை எதை வாங்கினாலும், சந்தைக் கோழியோ, சொந்தக்காரர் கொடுத்ததோ, சேவற்கட்டுக்குப் போய்த் திரும்பிய உங்கள் சொந்தச் சேவலோ, 3 முதல் 4 வாரம் தனியாக, பார்வைக்கு எட்டிய தூரத்தில் வையுங்கள். கடைசி ஒரு வாரம் உங்கள் பழைய கோழிகளில் ஒன்றை அதோடு விட்டுப் பாருங்கள். புதுக்கோழி வெளியே காட்டாமல் சுமக்கும் நோயை அந்த ஒன்று காட்டிவிடும். ஒரு கோழி போனாலும் மிச்சம் தப்பும்.

முட்டையைச் சாப்பிடலாமா? சி.ஆர்.டி.யும் கொரைசாவும் மனிதர்களுக்கு ஒட்டாது. நன்றாக வேகவைத்தால் நோயால் தடையில்லை. தடை மருந்தால்தான். நீங்கள் ஏற்கெனவே டெட்ராசைக்ளின் வைத்திருப்பதால் இப்போதைய முட்டைகளை எடுத்துக் கொட்டிவிடுங்கள். அடுத்து கொடுக்கப்போகும் மருந்து முடிந்த பிறகும் எத்தனை நாள் முட்டையும் கறியும் தவிர்க்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும், இல்லாவிட்டால் டாக்டர் சொல்வார். அதுவரை அந்த வீட்டு முட்டை யாருக்கும் வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

அடைக்கு வைப்பதற்கு என் பதில், வேண்டாம் என்பதே. மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும், அதிலும் நோய் புதிதாக வந்த இந்த வாரங்களில் இடும் முட்டைகளில்தான் அதிகம். பொரிக்கிற குஞ்சில் சில பிறக்கும்போதே கிருமியோடு வந்து, பஞ்சாரத்துக்குள் மற்றவற்றுக்கும் கொடுத்துவிடும். பெட்டை அடைக்குப் படுத்துவிட்டது, விட மனமில்லை என்றால், நோயில்லாத வீட்டிலிருந்து முட்டை வாங்கி அதன் அடியில் வைக்கலாம் என்று தோன்றும். அதுவும் வேண்டாம். தாயின் மூச்சிலிருந்தே குஞ்சுகளுக்கு ஒட்டிவிடும். இந்தத் தடவை அடையைத் தெளியவைத்துவிட்டு, கூட்டத்தை மாற்றுவதா இப்படியே வைத்துக்கொள்வதா என்ற முடிவை முதலில் எடுங்கள். மாற்றுவதென்றால் புதுக் குஞ்சுகளைத் தை கழிந்து, ஈரம் காய்ந்த பிறகு இறக்குங்கள்.